அம்மையார்குப்பத்தில் பிளே-ஆஃப்: சாத்தியக்கூறுகள் குறித்த ஓர் ஆய்வு

சித்திரை வெயில் ஏற ஏற, திருத்தணிக்கு அருகே ஆந்திர எல்லையோரம் உள்ள அம்மையார்குப்பத்தில் ஒரு கற்பனையும் ஏறுகிறது. "பிளே-ஆஃப் மட்டும் நம்ம கிரவுண்டுல நடந்துச்சுன்னா..." என்று அது தொடங்கும். எப்படி முடியும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை; அதற்குள் யாராவது குறுக்கே பேசிவிடுகிறார்கள். விசைத்தறிக் கூடத்து வாசல், டீக்கடை பெஞ்சு, சலூன் ஆகிய மூன்று ஆய்வுக் களங்களிலும் இவ்வாக்கியம் பதிவாகியுள்ளது. பல்கலைக்கழகங்கள் இதைக் கண்டுகொள்ளாதது வருந்தத்தக்கது.

ஆய்வுக்கு உட்பட்டோர் இரு பிரிவினர். மிதவாதிகளுக்கு 'நம்ம கிரவுண்டு' என்பது சேப்பாக்கம். தீவிரர்களுக்கு அது ஏரிக்கரை. முதலில் மிதவாதிகளைப் பார்ப்போம். அவர்களை மறுப்பது எளிது.

சொந்த மண்ணில் ஆடினால் கோப்பை நமக்கே என்பது அவர்களது கருதுகோள். தரவு அவ்வளவு தெம்பு தரவில்லை. சேப்பாக்கத்தில் சென்னை அணி ஆடிய ஐபிஎல் பிளே-ஆஃப் கட்ட ஆட்டங்கள் ஐந்தே. 2011 இறுதியில் பெங்களூரை 58 ரன்னில் வென்றது. 2012இல் டெல்லியை வென்று இறுதிக்குப் போய், அங்கே 190 ரன் குவித்தும் கொல்கத்தாவிடம் தோற்றது. 2019இல் மும்பையிடம் தோல்வி, 2023இல் குஜராத்துக்கு எதிராக 15 ரன் வெற்றி. மூன்றுக்கு இரண்டு, இதைக் கொண்டு ஒரு கோட்பாடு கட்ட முடியாது. சேப்பாக்கம் யாருக்கு ராசி என்று கறாராகக் கேட்டால், விடை கொல்கத்தா. அவர்களது மூன்று கோப்பைகளில் இரண்டு, 2012லும் 2024லும், இங்கேதான் தூக்கப்பட்டன.

இதற்கொரு காரணம் உண்டு. ஐபிஎல் வழக்கப்படி, சென்ற ஆண்டு வென்றவர் ஊரில்தான் பெரும்பாலும் இந்த ஆண்டு இறுதிப் போட்டி நடக்கும். அதாவது பந்தல் போடும் உரிமை போன வருஷத்து வெற்றிக்குக் கிடைப்பது. மாப்பிள்ளை யார் என்பது வேறு விஷயம். 2024இல் பந்தல் நம்முடையது, மாப்பிள்ளை வெளியூர். சென்னை அணி பிளே-ஆஃபுக்கே வரவில்லை. ஹைதராபாத் 113 ரன்னுக்குச் சுருண்டதை, எல்லையோர ஊர்க்காரர்கள் பாதி வருத்தத்தோடும் பாதி நிம்மதியோடும் பார்த்திருப்பார்கள். முந்தைய ஆண்டோ நாம் குஜராத்தின் பந்தலுக்குள் புகுந்து, அகமதாபாத்தில், விடியாத நேரத்தில், ஜடேஜாவின் கடைசி இரண்டு பந்துகளில் தாலி கட்டிவிட்டு வந்தோம்.

இந்த வகையில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களது கால்பந்து பிளே-ஆஃப் 2024இல் 12 அணிகளாக விரிந்தபோது, தரவரிசையில் 5 முதல் 8 வரையுள்ளவர்கள் முதல் சுற்றைத் தங்கள் கல்லூரி மைதானத்திலேயே நடத்தலாம் என்றார்கள். அந்த டிசம்பரில் நான்கு ஆட்டங்களிலும் உள்ளூர்க்காரர்களே வென்றார்கள். எட்டாம் இடத்து ஒஹாயோ ஸ்டேட் கோப்பையையே வாங்கிவிட்டது. உழைப்பும் கூலியும் ஒரே சீசனில்! இங்கே அரியர்ஸ் முறை.

அப்படிக் கிடைத்த அரியர்ஸும் கைக்கு வருவது நிச்சயமில்லை. 2013இல் இலங்கை வீரர்கள் விவகாரத்தால் சென்னையின் பிளே-ஆஃப் ஆட்டங்கள் டெல்லிக்குப் போயின. 2018இல் காவிரிப் போராட்டத்தால் அணியே புனேவுக்குக் குடிபெயர்ந்தது. 2019 இறுதிப் போட்டியை, ஐ, ஜே, கே கேலரிகள் திறக்கப்படாததால் ஹைதராபாத் கொண்டுபோனது. திருத்தணி வட்டாரத்துப் பெரியவர்கள் இதற்கெல்லாம் அசரமாட்டார்கள். இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, ஆந்திராவில் படுத்து, 1960 ஏப்ரல் 1 காலையில் அன்றைய சென்னை மாநிலத்தில் கண் விழித்தவர்கள் அவர்கள்.

ஆகவே தீவிரர்களின் திட்டமே தர்க்கத்துக்குப் பொருந்துகிறது: சேப்பாக்கத்தை நம்பாதே, ஏரியை நம்பு.

"இன்னாணா, பிளே-ஆஃப் மே மாசம். ஏரியில தண்ணி இல்லாததும் மே மாசம். இதைவிட வேற இன்னா வேணும்?" என்று ஒரு தறிக்காரத் தம்பி கேட்டார். இவ்வாய்வாளரால் பதில் சொல்ல முடியவில்லை. வெடித்த களிமண் சுழலுக்கு உகந்தது என்பதை எந்தச் சென்னை ரசிகரும் மறுக்கமாட்டார். விளக்குதான் சிக்கல். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் மின்சாரம் இலவசம். அதில் ராட்சத விளக்குகளை எத்தனை ஓவர் எரிக்கலாம் என்ற கணக்கு மூன்று முறை போடப்பட்டு மூன்று விடைகள் வந்தன. இன்னிங்ஸ் முழுக்கத் தறிகளை நிறுத்துவது என்று இளைஞர்கள் தீர்மானித்தார்கள். கூலிக்கு ஓட்டுகிறவர்கள் அந்தத் தீர்மானத்தில் கையெழுத்திடவில்லை.

உள்ளூர் அனுகூலம் என்பது உண்மையில் இங்கேதான் வேலை செய்யும். பந்து கரும்புத் தோட்டத்துக்குள் போனால் அடித்தவரே போய்த் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் அவுட். ஒன் பிட்ச் கேட்ச் செல்லும். பேட் யாருடையதோ அவரே முதலில் ஆடுவார், எனவே டாஸ் தேவையில்லை. மூன்றாம் நடுவர் தண்ணீர்த் தொட்டி மேல் உட்காருவார். அவர் எங்கள் ஆள். இவ்விதிகளின் கீழ் விராட் கோலி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார் என்பதில் களத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. பெரும்பான்மையோர் இரண்டு பந்து என்றனர்.

2025இல் சென்னை அணி கடைசி இடத்தில் முடிந்ததால் மிதவாதிகளின் கட்சி தற்போது கலைந்து கிடக்கிறது. தீவிரர்களுக்கு அந்தப் பின்னடைவு இல்லை. அவர்கள் எந்தப் பட்டியலிலும் இருந்ததேயில்லை.

கிரிக்கெட் வாரியம் இடத்தைப் பார்வையிட ஆள் அனுப்புவதாக இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள்: ஆடிக் கிருத்திகையன்று அனுப்ப வேண்டாம். திருத்தணியில் இறங்கினால் காவடிக் கூட்டத்தைத் தாண்டி எங்கள் ஊர் பஸ்ஸைப் பிடிக்க முடியாது.