கொட்டேஷன் பார்த்து வாங்கும் பெருந்தகைக்கு

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் மணல் பம்பு வாங்கும் பெருந்தகையே, உங்கள் சிக்கனத்தைப் புகழாமல் இருக்க முடியவில்லை. மூன்று கொட்டேஷன் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு மலிவானதை எடுக்கும் கை உங்களுடையது. மேற்பரப்பைக் கெட்டியாக்கும் ‘ஹார்ட் ஃபேசிங்’ என்ற வரியை மட்டும் சிவப்பு மையால் அடித்தீர்கள். கம்பெனிக்கு அன்றைக்கே லாபம்!

மணலுக்கும் உங்களைப் போல உபசரிப்பவர் கிடைக்கமாட்டார். 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த இத்தீவை 730-க்கு மேல் வளர்த்தது கடலில் கொட்டிய அந்த மணல்தான். கடல்நீரோடு குழாயில் பாயும்போது அதிலுள்ள குவார்ட்ஸின் கடினம் விக்கர்ஸ் அளவில் 1,000-ஐ ஒட்டியது; சாதாரண எஃகுக்கு 150 பக்கம்தான். பாயும் வேகம் இரண்டு மடங்கானால் தேய்மானம் நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று ஏறும். அதன் எதிரே பம்பின் சுழல்சக்கரமான இம்பெல்லரை வெறும் உடம்போடு நிறுத்தினீர்களே, அந்தத் தாராளம் யாருக்கு வரும்?

மற்றவர்களுக்கு அந்த மனசு இல்லை. பல்சக்கரத்தை 900 டிகிரிக்கு மேல் காய்ச்சி, மேற்பரப்பில் கார்பனை ஏற்றி, எண்ணெயில் முக்கி எடுக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மேல்தோல் கெட்டிப்படும். உள்ளிரும்பு விரிசல் விடாமல் அடி தாங்கும். மணல் உரசும் இடமென்றால் குரோமியம் கார்பைடை வெல்டிங் வைத்துப் படிய விடுவார்கள். பிறகு அந்தப் பாகத்தை நெடுநாள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நீங்களோ அடிக்கடி கழற்றி நலம் விசாரிக்கிறீர்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உங்களால் வேலை குறைந்ததே இல்லை. ஞாயிறு சாயங்காலம் சிராங்கூன் சாலையில் பாருங்கள்: பட்டுக்கோட்டை, அறந்தாங்கிப் பையன்கள் ஊருக்குப் பணம் அனுப்ப நிற்பார்கள், தேக்காவில் சொந்தக்காரனைத் தேடிப் பிடிப்பார்கள், புல்தரையில் உட்கார்ந்து வீட்டோடு பேசுவார்கள். உங்கள் வெல்டர் அங்கே இருக்கமாட்டார். பம்பின் கூட்டுக்குள் குனிந்து, மணல் தின்ற பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பார். ஓய்வுநாளில் முதலாளி கூப்பிட்டு முழுநாள் வேலை வாங்கினால் இரண்டு நாள் சம்பளம் என்கிறது சட்டம். அதையும் குறைவில்லாமல் கொடுக்கிறீர்கள். கிரேன் வாடகையும் பம்பு நின்றுபோன நாளும் தனி. சிவப்பு மையில் மிச்சம் பிடித்ததை இத்தனை பேருக்குப் பகிர்ந்தளிக்கும் வள்ளல் நீங்கள்.

ஐயா, அடுத்த கொட்டேஷனில் அந்த ஒரு வரியை அடிக்காமல் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வரட்டும்.