மலையும் விமானந்தாங்கியும்

கேள்வி: கடற்படையின் போர் விமானங்களுக்கும் கடலே இல்லாத நம் நீலகிரிப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, குன்னூர்

பதில்: மலையிறங்கிச் சூலூர் வரை போனால் போதும். இன்று கோவாவில் இருக்கும் ஐ.என்.எஸ். ஹன்சா கடற்படை விமானத் தளம் 1961இல் பிறந்தது அங்கேதான். 1964இல்தான் அது கோவாவின் டபோலிமுக்குக் குடிபெயர்ந்தது. நம் கடற்படையின் முதல் போர் ஜெட்டான சீ ஹாக், 1971 டிசம்பர் போரில் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பி காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியது. 1983இல் வந்த சீ ஹாரியர், அந்தரத்தில் நின்று கப்பல்மேல் செங்குத்தாக இறங்கும். 2016இல் அது ஓய்வுபெற, இப்போது மிக்-29கே. அடுத்து, 2025இல் ஒப்பந்தமான 26 ரஃபேல் விமானங்கள் வரவேண்டும். விமானந்தாங்கிக் கப்பல் மலையேறாது. ஆனால் கடற்படை அதிகாரிகள் ஏறுவார்கள், உங்கள் வெலிங்டன் பணியாளர் கல்லூரியில் படிக்க! அவர்களை உங்கள் ஊர்க்காரர்களாகவே எண்ணிப் பெருமைப்படுங்கள்.