இருநூறும் நூறும் நாற்பத்து நான்கு

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் செய்கிறான் என்றால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கடைல வாங்கினா ஆகாதா?" இரண்டாவது, "செஞ்சா எவ்வளவு மிச்சம்?" மிச்சமெல்லாம் இல்லை, செலவுதான் என்று சொன்னால் மூன்றாவது கேள்வி வராது. என் மனைவி பக்கம் ஒரு அனுதாபப் பார்வை மட்டும் போகும்.

உண்மையில் நான் செய்ய நினைத்தது முழு கம்ப்யூட்டர்கூட இல்லை. அதன் புராசஸர். எண்ணை எடுத்து வந்து, கூட்டி, வைக்கச் சொன்ன இடத்தில் வைக்கிற பகுதி. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, வைஃபை கிடையாது. "அப்ப அதுல என்னதான் இருக்கு?" என்றாள் மனைவி.

"விளக்கு எரியும்."

"அது பூஜை ரூம்லயே எரியுதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இந்தப் பித்துக்கு மூலம் ஆல்பர்ட் மால்வினோ. நம் ஊரில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களின் பரணில் தேடினால் அவர் புத்தகம் ஒன்றாவது அகப்படும். 'டிஜிட்டல் கம்ப்யூட்டர் எலெக்ட்ரானிக்ஸ்' என்ற நூலில், பாடம் சொல்வதற்காகவே சாப்-1 என்று ஒரு குட்டிக் கணினியை அவர் வகுத்திருக்கிறார். எட்டு பிட் அகலம், 16 பைட் நினைவகம். அவ்வளவுதான். பென் ஈட்டர் என்ற அமெரிக்கர் அதை அடியொற்றி ஒரு கணினியை பிரெட்போர்டில் கம்பி கம்பியாகச் செருகி, வீடியோவாகவும் போட்டுவிட்டார். அவர் வெட்டி மடிக்கும் கம்பிகள் ராணுவ அணிவகுப்பாக நிற்கும். அந்த வீடியோக்களைப் பார்த்து ஏமாந்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

சென்னையில் இதற்கெல்லாம் ரிச்சி தெருதான். 7400, 7408, 7432, 7486 என்று ஐசி நம்பர் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எடுத்துப் போடுவார். இன்ஜினியரிங் கல்லூரி லேப் புண்ணியத்தில் அவை உளுந்து, துவரம்பருப்புக் கணக்கில் விற்பனையாகின்றன. 74எல்எஸ்189 என்றதும்தான் நிமிர்ந்தார்.

"அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார். பையன் புராஜெக்டா? ரெடிமேடாவே இருக்கு. ரிப்போர்ட், பைண்டிங்கோட தந்துடுவோம்."

"பையனுக்கு இல்ல. எனக்குத்தான்."

கடையில் அமைதி நிலவியது. பிறகு உள்ளே திரும்பி, "தம்பி, சாருக்கு ஒரு டீ சொல்லு" என்றார். அந்த டீயில் இருந்தது மரியாதையா இரக்கமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அந்த 189 ஒரு விசித்திரமான நினைவகம். ஒரு ஐசிக்குள் 64 பிட். இரண்டு சேர்த்தால் 16 பைட். ஆனால் சொன்னதைத் தலைகீழாகத்தான் திருப்பிச் சொல்லும். ஒன்று என்று எழுதி வைத்தால் சுழியம் என்று சாதிக்கும். அதை நேராக்க 74எல்எஸ்04 என்று இன்னொரு ரக ஐசி வேண்டும். கரண்ட் போனால் நேராகவும் சொல்லாது, தலைகீழாகவும் சொல்லாது, எல்லாம் மறந்துவிடும். பிறகு சின்னச் சின்ன ஸ்விட்சுகளைத் தள்ளி, ஒவ்வொரு பைட்டாக மறுபடி ஊட்ட வேண்டும். 16 பைட்டுக்குள் புரோகிராமும் இருக்க வேண்டும், அது கூட்டவேண்டிய எண்களும் இருக்க வேண்டும். முதல் எண்ணை எடு, இரண்டாவதைக் கூட்டு, விடையைக் காட்டு, நில் என்று நான்கு கட்டளை, இரண்டு எண். ஆறு பைட் போக மீதி பத்து பைட் எதிர்கால வளர்ச்சிக்கு.

உள்ளே நடப்பதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சொன்னால் உங்களுக்கு வரலாம். நடுவே எட்டு கம்பிகள் ஓடுகின்றன. அதற்கு பஸ் என்று பெயர். நினைவகம், ஒவ்வொரு எண்ணாகப் பிடித்து வைக்கும் ரெஜிஸ்டர்கள், கூட்டும் பகுதி எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. மேடை நிறையத் தலைவர்கள், மைக் மட்டும் ஒன்று. இப்போது யார் பேசுவது, யார் குறித்துக்கொள்வது என்று 16 கட்டுப்பாட்டுக் கம்பிகள் சொல்லும். மற்றவர்கள் சும்மா இருந்தால் போதாது, மேடையிலேயே இல்லாத மாதிரி மின்சார ரீதியாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் ஒன்று என்றும் இன்னொருவர் சுழியம் என்றும் ஒரே சமயத்தில் மைக்கைப் பிடித்தால் சத்தமெல்லாம் வராது. ஐசி சூடாகும். விரல் வைத்துப் பார்த்தால்தான் கட்சிக்குள் பூசல் என்று தெரியும்.

ஒரு கூட்டலுக்கு ஐந்து படி. முதல் படியில், அடுத்த கட்டளை எந்த இடத்தில் இருக்கிறது என்று கவுண்டர் அறிவிக்கும். இரண்டாவதில் நினைவகம் அந்தக் கட்டளையைப் படிக்கும், கட்டளை ரெஜிஸ்டர் வாங்கிக்கொள்ளும். மூன்றாவதில் அந்தக் கட்டளைக்குள்ளிருந்து எண்ணின் முகவரி கிளம்பும். நான்காவதில் எண் வந்து சேரும். ஐந்தாவதில் கூட்டிய தொகை ஏ ரெஜிஸ்டரில் போய் உட்காரும். இவர்களில் ஒருவருக்கும் கூட்டல் என்று ஒன்று நடந்ததே தெரியாது. அவரவர் முறை வந்தது, பேசினார்கள் அல்லது கேட்டார்கள். கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாருமே இல்லை என்பதை இப்படிக் கண்ணால் பார்த்தபோது, என் அலுவலகம் எப்படி ஓடுகிறது என்பதும் ஓரளவு விளங்கியது.

555 டைமர் ஐசி விநாடிக்கு ஒரு தட்டு தட்டும். அந்தத் தட்டுக்கு ஒரு படி. பக்கத்திலேயே வேகத்தைக் கூட்டும் திருகு இருக்கிறது. அதை நான் தொடுவதில்லை. ஃபோனுக்குள் இதே வேலை விநாடிக்கு நூறு கோடிக் கணக்கில் நடக்கிறது, ஒன்றையாவது யாராவது பார்த்ததுண்டா? இங்கே ஒரு எண் நினைவகத்திலிருந்து கிளம்பி பஸ் வழியாக வருவதை, டம்ளரிலிருந்து காப்பியை உறிஞ்சிக்கொண்டே பார்க்கலாம். இந்த மெத்தனத்துக்குத்தான் இவ்வளவு செலவும்.

நடுவில் ஒரு காலகட்டம் இருந்தது. நான் எட்ட நின்றால் விடை சரியாக வரும். கையைக் கிட்டே கொண்டுபோனால் மாறும். இந்த ரக ஐசியில் எதனுடனும் இணைக்காமல் விட்ட உள்ளீட்டுக் கால் பெரும்பாலும் ஒன்று என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் உறுதி கிடையாது. காற்றில் வரும் மின் இரைச்சலுக்கெல்லாம் தலையாட்டும். அம்மாவின் கணிப்பு வேறு. "கண்ணு பட்டிருக்குடா. அன்னைக்கு வந்தவங்க எல்லாரும் அதையே பாத்துட்டு இருந்தாங்க." ஒரு வெள்ளிக்கிழமை அம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். அதே வெள்ளிக்கிழமை நான் அந்தக் கால்களை ரெசிஸ்டர் வழியாக 5 வோல்டில் கட்டி, ஐசிக்கு ஒன்றாக 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்தேன். மறுநாளிலிருந்து கோளாறு இல்லை. எதனால் என்பதில் வீட்டில் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

"இடத்தை அடைக்குது" என்று மனைவி சொன்னபோது எனக்குக் கைகொடுத்தவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேம்ஸ் நியூமன். அவர் ஐசியே வேண்டாமென்று, 40,000க்கும் அதிகமான டிரான்சிஸ்டர்களைத் தனித்தனியாகப் பற்றவைத்து 2016இல் மெகாபுராசஸர் என்று ஒன்றைக் கட்டி முடித்தார். சுமார் 10 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம். டெட்ரிஸ் விளையாடலாம். "பாரு, வீட்டையே அடைச்சிருக்கார்" என்று படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்ப எங்க இருக்கு?" என்றாள். கேம்பிரிட்ஜில் உள்ள கணினி வரலாற்று மையத்தில் என்றேன். "பாத்தீங்களா, வீட்டை விட்டுக் கொண்டுபோயிட்டாங்க" என்றாள்.

ஜெர்மனியின் கோன்ராட் சூசவை இழுத்தேன். விமானக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பெர்லினில் அப்பா அம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கணினி செய்தவர். 1941இல் அவர் முடித்த இசட்3க்கு 64 எண்கள் கொள்ளும் நினைவகம், எண்ணுக்கு 22 பிட். மொத்தம் 1408 பிட். என்னுடையது 128. என்னைவிடச் சரியாகப் பதினொரு மடங்கு, அதுவும் ரிலேக்களை வைத்து, போர் நடக்கும்போது. இதை நான் வீட்டில் சொல்லவில்லை. "வேலையை விட்டுட்டு" என்ற இடத்திலேயே மனைவி முகம் மாறிவிட்டது.

கடைசியில் இந்த இயந்திரத்தை மதித்துப் பேசியவர் பெரியப்பா ஒருவர்தான். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கால்குலேட்டர் வருவதற்கு முன்னால் லெட்ஜரின் முழுப் பத்தியையும் மேலிருந்து கீழே ஒரே பார்வையில் கூட்டியவர். 28ஐயும் 14ஐயும் ஊட்டி ஓடவிட்டேன். 13ஆவது விநாடியில் 42 வந்தது. கட்டளைக்கு ஐந்து படி, மூன்றாவது கட்டளையின் மூன்றாவது படியில்தானே விடை வெளியே வரும்!

"எங்க பிராஞ்ச்ல இவ்வளவு மெதுவா கூட்டினா தண்ணியில்லாத ஊருக்கு மாத்திடுவாங்க" என்றார். ஆனால் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பெருசா ஏதாவது குடு. இருநூறும் நூறும்."

குடுத்தேன். விளக்குகள் ஓடின. 44 என்று வந்தது.

"முந்நூறு வரணும்."

"எட்டு பிட்தான் பெரியப்பா. 255 வரைக்கும்தான் தாங்கும். அதுக்கு மேல போனா மறுபடி சுழியத்திலேருந்து ஆரம்பிச்சிடும்."

"அதெல்லாம் இருக்கட்டும். 256 ரூபா குறையுதே, எங்க போச்சு?"

"போகலை, விழுந்துடுச்சு."

"எந்த அக்கவுண்ட்ல விழுந்துச்சு?"

என்னிடம் பதில் இல்லை. "சஸ்பென்ஸ் அக்கவுண்ட்லயாவது காட்டணும்பா. இப்படி விட்டா யாரு கையெழுத்துப் போடுவாங்க?" என்று அம்மாவிடம் முறையிட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு நடுவிலும் அந்த 256ஐப் பற்றியே பேசினார். அடுத்த ஞாயிறு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கிடைச்சுதா?" என்றார்.

மால்வினோவின் சாப்-1இல் இல்லாத ஒன்றைப் பெரியப்பாவுக்காகச் சேர்த்தேன். எட்டாவது பிட்டைத் தாண்டி வழிகிற ஒன்றைப் பிடித்து வைக்க ஒரு ரெஜிஸ்டர், அதற்கு ஒரு சிவப்பு விளக்கு. கேரி. மறுபடி இருநூறும் நூறும். 44 வந்தது, சிவப்பும் எரிந்தது. "அந்த விளக்குதான் உங்க 256" என்றேன். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஆக, என்ட்ரி இருக்கு" என்றார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மனைவிகூட எட்டிப் பார்த்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "கழித்தல் வருமா இதுக்கு?" என்று அவர்தான் கேட்டார். வரும். கழிக்கத் தெரியாது, ஆனால் வரும். மூன்றைக் கழிக்கச் சொன்னால், மூன்றின் எட்டு பிட்டையும் புரட்டிப்போட்டு ஒன்று சேர்த்து 253 ஆக்கி, அதைக் கூட்டிவிடும். ஐந்தும் 253ம் 258. அதில் 256 வழிந்து போக, மிச்சம் இரண்டு. 5 கழித்தல் 3 போட்டேன். 2 வந்தது.

சிவப்பு விளக்கும் எரிந்தது.

"இதுல எதுக்கு எரியுது? கடனே வாங்கலையே?"

"கழித்தல்ல மட்டும், கடன் வாங்கலைன்னா எரியும் பெரியப்பா. வாங்கினா எரியாது."

பெரியப்பா விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஏம்மா, இவனுக்கு ஆடிட்டர் யாரு?"