தங்களை நேர்காணல் செய்ய அனுமதி வேண்டி

அனுப்புநர்:
ஜெராக்ஸ் கடைக்காரன்,
குமணன்சாவடி, சென்னை-56.

பெறுநர்:
மனிதவளத் துறை மேலாளர் அவர்கள்,
எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி.

பொருள்: தங்களை நேர்காணல் செய்ய அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

தங்களுக்கு என்னைத் தெரியாது. ஆனால் தாங்கள் படிக்கிற (படிப்பதாக நாங்கள் நம்புகிற) ரெஸ்யூம்களில் பல என் கம்ப்யூட்டரில் பிறந்தவை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக விடிகாலையில் டிபன் பையோடு நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேரின் பிறந்த தேதி எனக்கு மனப்பாடம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு ரெஸ்யூம்தான். யார் வந்தாலும் அதைத் திறந்து பெயரை மாற்றி பிரின்ட் கொடுத்துவிடுவேன். சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தோடு தானும் வளர வேண்டும் என்று மேலே ஒரு லட்சியம் இருக்குமே, அது முதலில் யாருடைய லட்சியம் என்பது எனக்கே மறந்துவிட்டது. பெட்ரோல் பங்க் வேலைக்குப் போனவருக்கும் அதே லட்சியம், அக்கவுன்ட்ஸ் வேலைக்குப் போன பெண்ணுக்கும் அதே லட்சியம். ஒருமுறை அவசரத்தில் அப்பா பெயரை மாற்றாமல் விட்டுவிட்டேன். பையன் யாரோ ஒருவருடைய மகனாக நான்கு கம்பெனிக்கு ஏறி இறங்கிவிட்டு வந்தான். தங்களில் ஒருவரும் கேட்கவில்லை. மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்று கீழே கையெழுத்து வேறு.

போன மாதம் ஒரு பையன் வந்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ. “எக்ஸ்பீரியன்ஸ் என்னப்பா போடட்டும்?” என்றேன். “ஒண்ணும் இல்லண்ணா, ஃப்ரெஷர்.” நகக்கண்ணில் கிரீஸ். பேச்சுக் கொடுத்தால், ஆறு வருடமாக மாமாவின் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் சாயங்கால வேலையாம். கடை வாசலில் நின்ற என் வண்டியை ஒருமுறை உதைத்துப் பார்த்து, காதைக் கொடுத்துக் கேட்டு, “செயின் லூஸுண்ணா, ஏர் ஃபில்டரும் அடச்சிருக்கு” என்றான். இரண்டும் சரி. “இத ஏன்டா சொல்லல?” “அது மாமா கடைதானேண்ணா, சம்பளமா வாங்கினேன்?”

அன்றைக்குத்தான் பழைய ஃபைலை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று அடித்தேன். ஒரே பக்கம். லட்சியம் கிடையாது. கேரம் ஆடுதல், பாட்டு கேட்டல் கிடையாது. ஆறு வருடம், வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வண்டி சர்வீஸ், என்னென்ன கோளாறு பார்ப்பான் என்பதுதான் முதல் வரி. ஆளைப் பார்க்கும் முன் தங்கள் சாஃப்ட்வேர் பார்க்கிறதாமே, அதற்காக விளம்பரத்தில் இருந்த சொற்களில் அவனுக்கு நிஜமாகவே பொருந்துபவற்றை எடுத்து அப்படியே போட்டேன். செல் நம்பரை மூன்று தடவை சரிபார்த்தேன்.

இன்டர்வியூவில் அவனை வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. “உன் பெரிய பலவீனம் என்ன?” என்று கேட்டிருக்கிறார்கள். “காலைல சாப்பிடலன்னா தலை சுத்தும் சார்” என்று உண்மையைச் சொல்லிவிட்டான். பக்கத்தில் இருந்தவன் யூடியூப் பார்த்துத் தயாராக வந்தவன். அளவுக்கு மீறி உழைப்பதுதான் தன் பலவீனம் என்றானாம். யாருக்கு வேலை கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி என் கேள்விகள். ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பாய் என்று கேட்கிறீர்களே, தாங்கள் நீட்டும் ஒப்பந்தம் ஏன் பதினோரு மாதத்தில் முடிகிறது? ஃப்ரெஷர் தேவை என்று போட்டுவிட்டு அடுத்த வரியில் இரண்டு வருட அனுபவம் கேட்டால், அந்த அனுபவத்தை எந்தக் கடையில் வாங்குவது? நடுவில் ஒரு வருடம் ‘கேப்’ என்றால், ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாக இருந்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது? தங்களிடம் இப்படியெல்லாம் கேட்க யாருக்கும் துணிவில்லை. 1959-ல் வந்த சட்டமே தங்களிடம் பவ்யமாகத்தான் நடந்துகொண்டது. காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொன்னதே தவிர, ஆளையும் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

குமணன் பெயர் தாங்கிய ஊரில் கடை வைத்திருப்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பெருஞ்சித்திரனார் என்ற புலவரை அதியமான் நேரில் பார்க்காமல் பரிசை மட்டும் கொடுத்தனுப்பினான். என்னைப் பார்க்காமல் தருவதை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை என்று அவர் மறுத்துவிட்டார் (புறநானூறு 208). இளவெளிமான் என்ற குறுநில மன்னன் சிறிதாகக் கொடுத்ததையும் வாங்கவில்லை. நேரே வள்ளல் குமணனிடம் போய் யானை பெற்று வந்து, அதை இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிவிட்டுப் போனார் (162). போட்டிக் கம்பெனியின் ஆஃபர் லெட்டரைப் பழைய மேனேஜர் மேசையில் வைப்பது அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது. பார்க்காமல் கொடுத்ததையே வேண்டாம் என்றவர் அவர். தாங்கள் பார்க்காமலே இல்லை என்கிறீர்கள். அதையும் வாய் திறந்து சொல்வதில்லை.

நாங்கள் யானை கேட்கவில்லை. எடுக்கவில்லை என்றால் ‘எடுக்கவில்லை’ என்று ஒரு வரி அனுப்புங்கள். அந்தப் பையனின் மெயில் பாஸ்வேர்டு என் கடை நோட்டில்தான் இருக்கிறது. தினமும் சாயங்காலம் ஒர்க்‌ஷாப் போகிற வழியில் வண்டியை நிறுத்தாமலே, “வந்துச்சாண்ணா?” என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜெராக்ஸ் கடைக்காரன்.

இணைப்பு: ரெஸ்யூம் – 1 (அப்பா பெயர் சரிபார்க்கப்பட்டது).