வெள்ளை அவங்களுக்கு, மஞ்சள் எனக்கு

ஆக்லாந்து,
டிசம்பர்

அன்புள்ள சித்திக்கு,

“எப்பப் போன் பண்ணினாலும் மஞ்சக்கருப் பொரியல்ங்கற, வெள்ளையை யாருலே திங்கறா?” என்று கேட்டீங்களே, அது வீட்டுக்கார அம்மாவின் பாவ்லோவாவுக்குப் போகிறது. மிச்சத்துக்குத்தான் நான் குடியிருக்கிறேன்.

பாவ்லோவா இந்த ஊர்க் கிறிஸ்துமஸ் பலகாரம். வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்து, துளி வினிகரும் சோளமாவும் சேர்த்துச் சுட்டு, மேலே கிரீமும் கிவிப் பழமும் வைப்பார்கள். 1926-இல் இங்கே வந்து ஆடிய ரஷ்ய நாட்டியக்காரி அன்னா பாவ்லோவாவின் பேர். முதலில் செய்தது யார் என்று ஆஸ்திரேலியாக்காரர்களோடு இன்னும் வழக்கு ஓயவில்லை. நம்ம ருக்மிணி தேவியை நம் நாட்டு நாட்டியத்தின் பக்கம் திருப்பிவிட்டதும் அதே பாவ்லோவாதான் என்று அந்த அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். “அப்படியா? கிண்ணத்தைத் தொடாதே” என்றார்.

தொடக்கூடாதாம். விரலில் எண்ணெய்ப் பசை இருந்தாலோ, மஞ்சள் ஒரு சொட்டு விழுந்தாலோ வெள்ளை பொங்காதாம். அதையாவது ஒத்துக்கொள்ளலாம். அடுப்புச் சட்டம்தான் அநியாயம். இளஞ்சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெந்து, அணைத்த பிறகும் ராத்திரி முழுக்க உள்ளேயே ஆற வேண்டும். கதவைத் திறந்தால் அமுங்கிவிடும். அதனால் வாஷிங் மெஷின் ஓடாது. வாசல் கதவைச் சாத்தக் கூடாது, சாய்க்க வேண்டும். நான் மாடிப்படியில் இறங்கினால் “மெதுவா!” என்று ஒரு சத்தம், அந்தச் சத்தத்துக்கு அமுங்காதாம். இருமல் வந்தால் தோட்டத்துக்குப் போகிறேன். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில்கூட இவ்வளவு கெடுபிடி பார்த்ததில்லை.

விடிந்து பார்த்தால் நட்டநடுவே விரிசல். அந்த அம்மா அசரவில்லை. “கிரீம் எதுக்கு இருக்கு?” என்று பூசி மறைத்துவிட்டார்.

நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் சித்தி, அதே வெள்ளை, அதே சீனி, முந்திரித் தூளும் சேர்த்துத் தூத்துக்குடியில் தட்டுத் தட்டாக மக்ரூன் போடுகிறார்களே, அங்கே யார் படியில் மெதுவாக இறங்குகிறார்கள்? வாயில் வைத்ததும் கரைகிற அந்தக் கூம்பு நுனிக்கு இந்த மலைக் கேக் முழுவதையும் கொடுத்துவிடலாம். ஆத்திரத்தில் இதை அந்த அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். முந்திரியில் எண்ணெய் இருக்குமே, நுரை எப்படி நிற்கும், செய்து காட்டு என்கிறார்.

நம்ம தெரு பேக்கரி மாஸ்டரிடம் முந்திரித் தூளை எந்தப் பக்குவத்தில் கலக்க வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். எனக்கு என்று மட்டும் சொல்லாதீங்க. பழைய பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
செல்வம்