பெருக்கல் நோய்: திருவேங்கடம் பயணிகளை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

திருவேங்கடம் என்றதும் ஏழுமலையானை நினைப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். குபேரனிடம் கல்யாணக் கடன் வாங்கி இன்றுவரை வட்டி கட்டுவதாகச் சொல்லப்படும் அவரும் ஆய்வுக்குரியவர்தாம். ஆனால் இக்கட்டுரையின் களம், தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவிலை அடுத்த கரிசல்காட்டுத் திருவேங்கடம். இங்கிருந்து வெளிநாடு போகிறவர் பாஸ்போர்ட்டோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு வாய்ப்பாட்டையும் எடுத்துப் போகிறார். பெருக்கல் நோய் அதில் தொற்றுகிறது.

நோய்க்குறி எளிது. சிங்கப்பூரில் ஒன்றரை வெள்ளிக்கு டீ வாங்கியவரின் உதடுகள் ஓசையின்றி அசையும். வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, 65 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் டீ நூறை நெருங்குகிறது. அதற்குமேல் தொண்டையில் இறங்காது. நோய் முற்றினால் ரூபாய் பிரியாணியாக மாறும். அதாவது, இந்தக் காசுக்குச் சங்கரன்கோவிலில் எத்தனை மட்டன் பிரியாணி? என் சித்தப்பா ஒருவர், நாலு பிரியாணி விலைக்கா முடிவெட்டுவது என்று நாலு மாதம் வளர்த்தார். போட்டோவைப் பார்த்த பாட்டி, பழனிக்கு நேர்ந்திருக்கிறான் என்று தெருவில் சொல்லிவிட்டாள். அடுத்த லீவில் மொட்டை போட வேண்டியதாயிற்று.

வளைகுடா நாடுகளில் இந்நோய்க்குப் பிறந்த தேதியே உண்டு. ஒரு காலத்தில் குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் எல்லாவற்றிலும் நம் ரூபாய்தான் செலாவணி. ஒன்றால் பெருக்கினால் யாருக்கு என்ன வரும்? அந்த ரூபாயைக் கொண்டு தங்கம் கடத்துகிறார்கள் என்று 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கெனத் தனி நோட்டு அச்சிட்டது. 1961இல் குவைத்தும் 1965இல் பஹ்ரைனும் தினாருக்கு மாறின. 1966 ஜூன் 6ஆம் தேதி, டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாய் ஒரேயடியாக 7.50க்கு இறக்கப்பட்டதும், மிச்சமிருந்த நாடுகளும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. நம் ஆட்கள் திரளாகப் போய் இறங்குவதற்கு முன்பே நோய் அங்கே போய்க் காத்திருந்தது. இன்று ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம், 1997 முதல் அசையவில்லை. அசைவது நம் ரூபாய்தான். ஆகவே துபாய் நோயாளி வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்து முடிப்பதே இல்லை.

தாளில் தமிழ் எழுத்தைப் பார்த்தால் நோய் தணியும் என்றொரு கருதுகோளும் இருந்தது. இலங்கை, சிங்கப்பூர், மொரீசியஸ் நோட்டுகளில் தமிழ் உண்டு. சித்தப்பா ‘சிங்கப்பூர்’ என்று எழுத்துக்கூட்டிப் பெருமைப்பட்டார், பிறகு பெருக்கினார். கருதுகோள் அதோடு கைவிடப்பட்டது.

நோயாளியின் பலவீனத்தை அறிந்தவை கடைகளில் கார்டு தேய்க்கும் மெஷின்கள். “ரூபாயில் கட்டுகிறீர்களா, இந்த ஊர்க் காசிலா?” என்று கேட்கும். நமக்காக யாரோ பெருக்குகிறார்களே என்ற நெகிழ்ச்சியில் ரூபாயை அமுக்கினால், பெருக்கியதற்குக் கூலியை விலையிலேயே சேர்த்துவிடுவார்கள். அந்த ஊர்க் காசையே அமுக்க வேண்டும். நம் வங்கியும் சும்மா மாற்றித் தராது என்றாலும், பெரும்பாலும் குறைவாகவே பிடிக்கும்.

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் திரும்பும்போது வகுத்தல் பருவம் தொடங்குகிறது. டீ 15 ரூபாயா? கால் வெள்ளிகூட இல்லையே! கடையில் நிற்கிற அத்தனை பேருக்கும் சித்தப்பா டீ சொல்வார். தெரியாதவர்களும் குடிப்பார்கள். கையிருப்பு தீர்ந்தால் பருவம் முடியும். பெரும்பாலும் லீவு முடிவதற்குள் முடிந்துவிடும்.

மிஞ்சுவது சில்லறை. நோட்டை மாற்றுகிற கடைக்காரர் நாணயத்தைத் தொடுவதில்லை. கடைசி லீவில் ஒரு வெள்ளிக் காசு ஒன்று பாட்டியின் சுருக்குப்பைக்குள் போனது. வெற்றிலை எடுக்கும்போதெல்லாம் அதைத் தடவிப் பார்த்து என்னிடம் கேட்பாள்: “எய்யா, இன்னைக்கு எம்புட்டுக்குப் போகுது?”

“அறுபத்தஞ்சுக்கு மேல, பாட்டி.”

“இன்னும் ஏறட்டும்” என்று பையை இறுக்கிக் கட்டுவாள்.