சூப்ரண்டு சாரின் சுற்றுலா

திருவண்ணாமலை மாவட்டம் 1989-இல் தனியாகப் பிரிந்தது. கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலில் இருப்பதால் அதைச் சுற்றி மனை வாங்கியவர்கள் பலரும் அரசு ஊழியர்கள். காலக்கிரமத்தில் அவர்கள் ரிடையரும் ஆனார்கள். ஆகவே இங்கே தெருவுக்கு ஒரு சூப்ரண்டு சார் உண்டு. பென்ஷன் வருகிறது, சர்க்கரை மாத்திரை வேளைக்கு உள்ளே போகிறது. கையெழுத்துப் போடத்தான் ஃபைல் இல்லை. அந்தக் குறை தீர அவர் கண்டுபிடித்த வழி, டூர் போடுவது.

வேன் பிடித்து நாலு இடம் பார்த்துவிட்டு வருவதுதான் டூர் என்று நாம் நினைப்போம். அவருக்கு அது பொருள், பார்வை, அப்புறம் எண்ணிட்ட பத்திகள். பயணிகள் பட்டியலில் மூன்று நகல்: டிரைவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மூன்றாவது எதற்கு என்றால், “ஆபீஸ் காப்பி” என்பார். தேதி குறிப்பது பெரிய வேலை. பௌர்ணமி ஆகாது, கிரிவலக் கூட்டத்தில் வேன் தெருமுனையைத் தாண்டாது. அமாவாசை, பிரதோஷம், கிருத்திகை பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கழித்ததில் மிஞ்சியது ஒரு புதன்கிழமை.

இந்த முறை சுற்றறிக்கையில் ‘நந்தி மலை அடிவாரம், போக நந்தீஸ்வரர் தரிசனம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற எழுத்தில் கீழே ‘மற்றும் திராட்சைத் தோட்டம்’. தோட்டத்தோடு ஒயின் ஆலையும் உண்டு, 1988-இல் தொடங்கிய குரோவர் கம்பெனியுடையது, டிக்கெட்டிலேயே ருசி பார்ப்பதும் அடக்கம் என்பதெல்லாம் வாய்மொழி உத்தரவு. எழுத்தில் கிடையாது.

விடியற்காலை மூன்று மணிக்கு ஆஜர் எடுத்தார். செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று ஊர் ஊராக நேரம் குறித்துக்கொண்டே வந்தார். ஓசூரில் புளியோதரைக்கு இருபது நிமிடம். கோயிலில் தூணையெல்லாம் நிதானமாகப் பார்க்க நினைத்தவர்களை விசில் ஊதி வேனில் ஏற்றிவிட்டார். பக்தியில் குறையுள்ளவர் இல்லை. அடுத்த பத்தி காத்திருந்தது.

தோட்டத்தில் சுற்றிக் காட்டியது ஒரு இளம்பெண். பெங்களூர்த் தமிழ். கொடி வரிசைகளைக் காட்டி அவர் வாயெடுப்பதற்குள் நம்மவர் முந்திக்கொண்டார். “எங்க கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சும்மா. பந்தல்ல வருஷம் பூரா காய்க்கும்.”

“பெங்களூர் நீலத் திராட்சைக்கு 2013-லயே வந்திடுச்சு, அங்கிள்.”

நம்மவர் தன் கையேட்டில் எதையோ அடித்தார்.

கருந்திராட்சையின் சாறுகூட ஏறக்குறைய நிறமில்லாததுதான், தோலோடு சேர்ந்து புளிப்பதால்தான் ஒயின் சிவக்கிறது என்று அந்தப் பெண் சொன்னபோது ஆண்கள் தலையாட்டினார்கள். அவர்கள் கண் ருசிக்கூடத்தின் கதவில் இருந்தது. உருப்படியான கேள்வி எதிர்வீட்டு அம்மாவிடமிருந்துதான் வந்தது.

“ஏம்மா, தானா புளிக்குமா, எதாச்சும் போடணுமா? மார்கழியில எங்க இட்லி மாவே பொங்க மாட்டேங்குது.”

அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பழத்தோலிலேயே ஈஸ்ட் உண்டு, ஆனாலும் ருசி மாறாமல் இருக்கத் தேர்ந்தெடுத்த ஈஸ்டைச் சேர்ப்பார்கள், குளிர்ந்தால் சுணங்கும், சூடேறினால் வாசனை கெடும், அதனால்தான் எஃகுத் தொட்டிகளில் வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கிறோம் என்று அந்த அம்மாவிடம் மட்டும் பத்து நிமிடம் பேசினார். மரப் பீப்பாய்கள் அடுக்கிய அறையில் சூப்ரண்டு சார் பீப்பாய்களை எண்ணினார். இருப்புப் பதிவேடு எங்கே என்று கேட்டார்.

ருசிக்கூடத்தில் கோப்பையைச் சாய்த்து நிறம் பார், சுழற்று, மூக்கை விட்டு முகர், பிறகு ஒரு வாய் என்று வரிசை சொல்லிக்கொடுத்தார்கள். வரிசை என்றால் நம்மவருக்கு உயிர். அட்சரம் பிசகாமல் செய்தார். பிடிக்காவிட்டால் துப்பிவிடலாம் என்று ஒரு பாத்திரம் வைத்தபோதுதான் அதிர்ந்து போனார்.

“காசு குடுத்து வாங்கினதத் துப்பறதா? ஆடிட்ல நிக்காதும்மா.”

யாரும் துப்பவில்லை. துப்ப விடவில்லை. ஒரு வாய்க்கே முகம் சுளித்தவர்களின் மீதத்தையும், அரசுப் பணம் வீணாகக் கூடாது என்ற பழைய வைராக்கியத்தில் அவரே தீர்த்து வைத்தார். பாட்டில் வாங்கப் பர்ஸைத் திறந்தவர்களிடம், “வேற மாநிலச் சரக்கு, ஓசூர் செக்போஸ்ட்ல எனக்குத்தான் மெமோ வரும்” என்று கையை மறித்தார். மெமோ கொடுக்க இப்போது யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் ஆஜர் எடுத்தபோது தன் பெயரை இரண்டு தடவை படித்தார். இரண்டு தடவையும் “உள்ளேன்” என்றார்.

மறுநாள் காலை வீடு வீடாக வந்தார். தலைக்கு 37 ரூபாய் மீதி, வவுச்சரில் கையெழுத்து. செலவுப் பட்டியலில் டீசல், டோல், புளியோதரைக்கு அடுத்து ‘பழரசம் (பழையது)’ என்று ஓர் இனம்.

எதிர்வீட்டு அம்மா கையெழுத்துப் போட்டபடியே கேட்டார்: “அடுத்தது கம்பம்தானே சார்? அங்கயும் பழசு உண்டா?”

“பரிசீலனையில் உள்ளது” என்றார் சூப்ரண்டு சார்.